எத்தனை கிலோன்னு கேக்குறோம், எத்தனை வாரம்னு கேக்குறதில்ல

குழந்தை பிறந்துச்சுன்னு போன் வந்தா நம்ம வீடுகள்ல முதல் கேள்வி ஆணா பொண்ணா, ரெண்டாவது கேள்வி எடை எவ்ளோ. மூணு கிலோன்னா எல்லாருக்கும் நிம்மதி, ரெண்டேகால்னா போன்ல ஒரு செகண்ட் பேச்சே வராது, நாலு கிலோன்னா "அப்படியா, கொழுகொழுன்னு இருக்கானா"ன்னு ஒரே சந்தோஷம். எத்தனாவது வாரத்துல பிறந்துச்சுன்னு டாக்டர், நர்ஸ் தவிர வேற யாரும் கேட்டு நான் பாத்ததில்ல. ஆனா குழந்தைக்கு அடுத்த ஒரு வாரத்துல என்ன பிரச்சனை வரலாம், எதை கவனமா பாக்கணும்ங்கிறதுக்கு வாரமும் எடையும் ரெண்டுமே வேணும், ஒண்ணை விட்டுட்டு இன்னொண்ண மட்டும் பாத்தா பாதி விஷயம் தப்பிப் போயிடும்.

இந்த எடைப் பழக்கம் நம்ம வீட்டு பெரியவங்களோட தப்புன்னு சொல்ல முடியாது, மருத்துவமே ரொம்ப நாள் அப்படித்தான் இருந்துச்சு. ஆர்வோ யுல்ப்போன்னு ஒரு ஃபின்லாந்து குழந்தை டாக்டர், 1919 வாக்குல, 2500 கிராமுக்கு கீழ பிறந்தா அது குறைமாசக் குழந்தைன்னு ஒரு கோடு போட்டார். அம்மா சொல்ற தேதிக்கணக்கை நம்ப முடியாத காலம், தராசை நம்பலாம், அவ்ளோதான். 1948ல உலக சுகாதார சபையும் அதே கோட்டை எடுத்துக்கிச்சு. போகப் போகத்தான் தெரிஞ்சுது, 2500க்கு கீழ பிறக்குறதுல நிறைய குழந்தைங்க குறைமாசமே இல்ல, மாசம் முழுசா முடிஞ்சும் உள்ள சரியா வளராம வந்தவங்க. அதனால 1961ல கோட்டை அப்படியே வெச்சுக்கிட்டு பேரை மட்டும் 'பிறப்பு எடை குறைவு'ன்னு மாத்துனாங்க. 1963ல அமெரிக்காவுல டென்வர்ல லூலா லப்சென்கோங்கிற டாக்டர், எந்த வாரத்துல பிறந்தா எடை எவ்ளோ இருக்கணும்னு கிராஃப் போட்டுக் காட்டுனாங்க, இன்னிக்கு என்ஐசியூல (பச்சிளங் குழந்தைங்களுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவு) குழந்தையோட ஃபைல்ல இருக்குற வளர்ச்சி கிராஃபுக்கெல்லாம் அது ஒரு முன்னோடி.

இப்ப இருக்குற கணக்கு இது. கடைசி மாதவிடாய் முதல் நாள்ல இருந்து எண்ணுனா 40 வாரம், 280 நாள். 37 முடியுறதுக்கு முன்னாடி வந்தா குறைமாசம், 28க்கும் முன்னாடின்னா மிகக் குறைமாசம், 34ல இருந்து 36 முடியுற வரைக்கும் 'கடைசி நேரக் குறைமாசம்', 42 தாண்டிட்டா தேதி கடந்த குழந்தை. எடைப் பக்கம் பாத்தா 2500 கிராமுக்கு கீழ குறைவு, 1500க்கு கீழ ரொம்பக் குறைவு, 1000க்கு கீழ மிக மிகக் குறைவு, 4000 தாண்டுனா அதிகம். இது தவிர அதே வாரத்துல பிறந்த 100 குழந்தைங்களை எடை வரிசையில நிக்க வெச்சா கடைசி 10க்குள்ள வர்றவங்க 'வாரத்துக்கு சின்னவங்க', மேல இருக்குற 10க்குள்ள வர்றவங்க 'வாரத்துக்கு பெரியவங்க'.

1.9 கிலோ எடையில ரெண்டு குழந்தைங்கன்னு வெச்சுக்குவோம். ஒண்ணு 32 வாரத்துல வந்துச்சு, இன்னொண்ணு 39 வாரத்துல வந்துச்சு. தராசுல ரெண்டும் ஒண்ணுதான், வார்டுல ரெண்டும் வேற வேற கேஸ். 32 வாரக் குழந்தை அந்த வாரத்துக்கு சரியான எடையில இருக்கு, ஆனா நுரையீரல் ரெடி இல்ல, உறிஞ்சி விழுங்கி மூச்சு விடுறது மூணையும் சேர்த்து செய்யத் தெரியாது (அது வர்றதே சுமார் 34 வாரத்துலதான்), திடீர்னு 20 செகண்ட் மூச்சை நிறுத்திடும், மூளைக்குள்ள ரத்தக் கசிவு வருதான்னு முதல் 3 நாள் பாக்கணும். 39 வாரக் குழந்தை நல்லா அழும், நுரையீரல் தயார், ஆனா நஞ்சுக்கொடி வழியா வரவேண்டிய சாப்பாடு வராம பட்டினி கிடந்து வந்தது, கல்லீரல்ல சர்க்கரை சேமிப்பே கிடையாது, பிறந்து சில மணி நேரத்துல சுகர் சரசரன்னு இறங்கும், ரத்தம் கெட்டியா இருக்கும், தோலுக்கு அடியில கொழுப்பு இல்லாததால உடம்பு சீக்கிரம் ஜில்லுனு ஆயிடும், பிரசவ வலி நேரத்துலயே மூச்சுத் திணறல் வர்ற வாய்ப்பும் ஜாஸ்தி. "ரெண்டு கிலோ கூட இல்லையாம்"னு சொந்தக்காரங்க ரெண்டு வீட்டுலயும் ஒரே மாதிரி பேசுவாங்க, டாக்டர் ரெண்டு இடத்துலயும் தேடுறது வேற வேற.

இந்த இடத்துல அந்த பழைய பேச்சையும் பாத்துடலாம், "ஏழுல பிறந்தா பிழைக்கும், எட்டுல பிறந்தா பிழைக்காது." என்ன படிச்ச வீடா இருந்தாலும் யாராவது ஒரு பெரியம்மா இதை சொல்லிடுவாங்க. நம்ம ஊர் நம்பிக்கைன்னு நெனச்சா இல்ல, பழைய கிரேக்க மருத்துவத்துலயே ஹிப்போகிரட்டீஸ் பேர்ல வந்த ஏடுகள்ல எட்டாம் மாசக் குழந்தை தங்காதுன்னு எழுதி வெச்சிருக்காங்க. உண்மை இதுக்கு நேர் எதிர், உள்ள ஆரோக்கியமா வளர்ற குழந்தைக்கு ஒவ்வொரு வாரம் கூடக் கூட பிழைக்குற வாய்ப்பு கூடிக்கிட்டேதான் போகும், நடுவுல எட்டாம் மாசத்துல ஒரு பள்ளம்லாம் கிடையாது. இதுல இன்னொரு குழப்பம், "எட்டாம் மாசம்"னு சொல்றவங்க எதை சொல்றாங்கன்னே தெரியாது, ஏழு முடிஞ்சு எட்டு நடக்குதா, எட்டு முடிஞ்சிடுச்சா, 28 நாள் மாசமா காலண்டர் மாசமா, இதுக்குள்ளயே 4 வாரம் வித்தியாசம் வந்துடும். 30 வாரத்துக்கும் 34 வாரத்துக்கும் இருக்குற தூரம் ரொம்பப் பெருசு. அதனாலதான் முதல் 3 மாசத்துக்குள்ள எடுக்குற ஸ்கேன் முக்கியம், அதுல வர்ற தேதி ஒரு வாரத்துக்குள்ளதான் முன்ன பின்ன போகும், கடைசி மாசங்கள்ல எடுக்குற ஸ்கேன்ல 3 வாரம் வரைக்கும் தள்ளிப் போகலாம். முதல் ஸ்கேன் ரிப்போர்ட்டை தொலைச்சுட்டு ஒன்பதாம் மாசம் புது ஆஸ்பத்திரிக்கு போறவங்களுக்கு இது புரியணும்.

நுரையீரல் கதைக்கு வருவோம், குறைமாசத்துல உயிருக்கு முதல் ஆபத்து அங்கதான். நுரையீரல்ல இருக்குற குட்டிக் குட்டி காற்றுப் பைங்க ஒவ்வொரு மூச்சு விட்டதும் ஒட்டிக்காம இருக்க உள்பக்கம் சோப்பு மாதிரி வழுக்குற ஒரு படலம் வேணும், சர்ஃபாக்டன்ட். அது போதுமான அளவு சேர்றது சுமார் 34, 35 வாரத்துல. 1963 ஆகஸ்ட் 7ஆம் தேதி அமெரிக்க அதிபர் ஜான் கென்னடிக்கு பேட்ரிக்னு ஒரு பையன் பிறந்தான், ஐஞ்சரை வாரம் முன்னாடியே, எடை சுமார் 2.1 கிலோ. உலகத்துலயே பெரிய பதவியில இருக்குற அப்பா, பாஸ்டன்ல பெரிய ஆஸ்பத்திரி, உயர் அழுத்த ஆக்சிஜன் அறையில கூட வெச்சுப் பாத்தாங்க, 39 மணி நேரத்துல போயிட்டான். காரணம் இந்தப் படலம் இல்லாததுதான், அதை 4 வருஷம் முன்னாடியே, 1959ல, மேரி எல்லன் ஏவரி கண்டுபிடிச்சு எழுதியிருந்தாங்க, ஆனா கையில மருந்து இல்ல. இன்னிக்கு 2.1 கிலோல 34 வாரத்துல பிறந்தா மாவட்டத் தலைமை ஆஸ்பத்திரியில கூட பெரும்பாலும் பிழைச்சு வீட்டுக்கு வந்துடும்.

நடுவுல என்ன நடந்துச்சுன்னா நியூசிலாந்து ஆக்லாந்துல கிரஹாம் லிக்கின்ஸ் ஆட்டுல பிரசவம் எப்படி ஆரம்பிக்குதுன்னு ஆராய்ச்சி பண்ணிட்டு இருந்தார், ஸ்டீராய்டு குடுத்த ஆட்டோட குட்டி நாள் முன்னாடியே பிறந்தும் மூச்சு விடுறதைப் பாத்து அவருக்கு ஆச்சரியம். அங்க இருந்து ராஸ் ஹவியோட சேர்ந்து மனுஷ அம்மாக்களுக்கு குடுத்துப் பாத்து, குறைமாசக் குழந்தைங்களுக்கு மூச்சுத் திணறல் குறையுதுன்னு 1972ல வெளியிட்டாங்க. 1980ல ஜப்பான்ல ஃபுஜிவாரா 10 குழந்தைங்களுக்கு சர்ஃபாக்டன்ட்டையே நேரா நுரையீரலுக்குள்ள விட்டுக் காட்டுனார். இப்ப நம்ம ஊர்ல 34 வாரத்துக்கு முன்னாடி வலி வந்துடுச்சுன்னா அம்மாவுக்கு டெக்சாமெத்தசோன்ங்கிற ஸ்டீராய்டு ஊசி 12 மணி நேரத்துக்கு ஒண்ணா 4 தடவை போடுறாங்க. விலை ரொம்ப ரொம்ப கம்மி, ஆனா வேலை செய்ய நேரம் வேணும், அதனாலதான் "இன்னும் நாள் இருக்கே, சூட்டு வலியா இருக்கும், சீரகத் தண்ணி குடி"ன்னு வீட்டுலயே 8 மணி நேரம் வெச்சிருக்கறது இவ்ளோ காஸ்ட்லியான தப்பு. ஏழாம் மாசமோ எட்டாம் மாசமோ, விட்டு விட்டு வலி வந்தாலோ பனிக்குடம் உடைஞ்சு தண்ணி போனாலோ அப்பவே கிளம்பணும், ஊசிக்கு கிடைக்குற ஒவ்வொரு மணி நேரமும் குழந்தை கணக்குல சேரும்.

ரொம்ப சின்னக் குழந்தைங்க பத்தி வாட்ஸ்அப்ல நெறைய வரும். 2020ல அலபாமாவுல 21 வாரம் 1 நாள்ல 420 கிராம்ல பிறந்த ஒரு குழந்தை பிழைச்சது உண்மைதான். அது மாதிரி செய்திகள் படிக்க நல்லாருக்கு, ஆனா என்னோட கவலை அந்தப் பக்கம் இல்ல. 1 கிலோ குழந்தையை யாரும் அலட்சியமா விட மாட்டாங்க, நேரா கண்ணாடிப் பெட்டிக்குள்ள போயிடும், சுத்தி மெஷின் இருக்கும். தப்பிப் போறது பாக்க நல்லாருக்குற குழந்தைங்கதான்.

35 வாரம், 2.4 கிலோன்னு வெச்சுக்குங்க. "கொஞ்சம் எடை கம்மி, மத்தபடி நார்மல்"னு அம்மா பக்கத்துலயே போட்டுடுவாங்க, வழக்கமா 34 வாரத்துக்கு முன்னாடியோ 1800 கிராமுக்கு கீழயோ இருந்தாதான் எஸ்என்சியூக்கு (அரசு ஆஸ்பத்திரியில இருக்குற பச்சிளங் குழந்தை சிறப்புப் பிரிவு) போகும், இது ரெண்டுலயும் வராது. ஆனா 34, 35 வாரத்துல குழந்தையோட மூளை எடை நிறைமாசத்துல இருக்கவேண்டியதுல சுமார் 65 சதவீதம்தான். கடைசி 5, 6 வாரத்துல நடக்கவேண்டிய வேலை ரொம்பப் பெருசு, அதை வெளியில வந்து செய்யுது. இந்தக் குழந்தை ரெண்டு வாய் குடிச்சுட்டு தூங்கிடும், வீட்டுல "ரொம்ப சமத்து, அழவே மாட்டேங்குது"ம்பாங்க. அது சமத்து இல்லைங்க, தெம்பு இல்ல. சரியா குடிக்காததால சுகர் இறங்கும், மலம் போறது குறையும், அதனால மஞ்சள் காமாலை ஏறும், காமாலை ஏறுனா இன்னும் தூங்கும், இன்னும் குடிக்காது, இப்படி ஒண்ண ஒண்ணு இழுத்துட்டுப் போகும். நிறைமாசக் குழந்தைக்கு காமாலை 3லயிருந்து 5ஆம் நாள்ல உச்சத்துக்கு வரும், குறைமாசத்துல 5லயிருந்து 7ஆம் நாள் வரைக்கும் தள்ளிப் போகும், நாம 3ஆம் நாளே டிஸ்சார்ஜ் வாங்கிட்டு வந்துடுறோம், உச்சம் வீட்டுல இருக்கும்போது வருது. காமாலையில ரத்தத்துல சேர்ற மஞ்சள் பொருளான பிலிரூபின் ரொம்ப ஏறுனா மூளைக்குள்ள படிஞ்சு காது கேக்காமப் போறது, கை கால் இழுத்துக்கறது வரைக்கும் போகலாம், குறைமாசத்துல அந்த ஆபத்து கம்மி அளவுலயே வந்துடுறதால லைட்டு கீழ வெச்சு சிகிச்சை ஆரம்பிக்குற எல்லையும் அவங்களுக்கு குறைச்சலாத்தான் வெச்சிருப்பாங்க.

காலை வெயில்ல காட்டுனா போதும்னு சொல்றவங்க இருக்காங்க. முழுக்க ஆதாரம் இல்லாத பேச்சு இல்ல அது, லைட் சிகிச்சையே அப்படித்தான் ஆரம்பிச்சுது, 1950கள்ல இங்கிலாந்துல ராச்ஃபோர்டு ஆஸ்பத்திரியில ஜீன் வார்டுங்கிற நர்ஸ் குறைமாசக் குழந்தைங்களை முற்றத்துல வெயில்ல கொண்டு போய் வெப்பாங்க, வெயில் பட்ட இடம் மட்டும் மஞ்சள் குறைஞ்சிருந்ததை டாக்டருக்கு காட்டுனது அவங்கதான். ஆனா வெயில்ல எவ்ளோ வெளிச்சம் கிடைச்சுதுன்னு அளவு கிடையாது, 2.2 கிலோ குழந்தையை துணி இல்லாம மார்கழி காலையில மொட்டை மாடியில காட்டுனா காமாலை இறங்குறதுக்குள்ள உடம்பு சூடு இறங்கிடும். ரத்தம் எடுத்து அளவு பாத்து ஆஸ்பத்திரி லைட்டு கீழ வைக்கிறதுதான் வழி.

இப்ப கொஞ்சம் கசப்பான பேச்சு. தமிழ்நாட்டுல 2019-21ல எடுத்த தேசிய குடும்ப நல ஆய்வுப்படி 44.9 சதவீதப் பிரசவம் சிசேரியன். அதுல ஒரு பகுதி நாள் பாத்து, நட்சத்திரம் பாத்து, "10.30லயிருந்து 11க்குள்ள எடுத்துடுங்க டாக்டர்"னு சொல்லி வாங்குறது. ஜோசியத்தை நம்புறதும் நம்பாததும் அவங்கவங்க இஷ்டம். ஆனா ரோகிணி நட்சத்திரம் 37ஆவது வாரத்துல வருதுன்னு அன்னிக்கே எடுக்கறதுல ஒரு செலவு இருக்கு. பிரசவ வலி வரும்போதுதான் குழந்தையோட நுரையீரல்ல நிறைஞ்சிருக்குற தண்ணி உறிஞ்சப்பட ஆரம்பிக்கும், வலியே வராம எடுத்தா அந்த ஈரத்தோடயே வெளிய வந்து மூச்சு வாங்கும். 2009ல அமெரிக்காவுல வந்த ஒரு பெரிய ஆய்வுல, ஏற்கனவே சிசேரியன் ஆனவங்களுக்கு வலி வராமலே திட்டம் போட்டு மறுபடி சிசேரியன் பண்ண 13,000க்கும் மேற்பட்ட பிரசவங்களை எடுத்துப் பாத்தாங்க, குழந்தைக்கு மூச்சுத் திணறல், சுகர் இறக்கம், கிருமித் தொற்று, என்ஐசியூ அட்மிஷன் மாதிரி ஏதாவது ஒரு பிரச்சனை வந்தது 37 வாரத்துல 15.3 சதவீதம், 38ல 11, 39ல 8. மருத்துவக் காரணம் இருந்தா 37 என்ன, 34லயே எடுத்துத்தான் ஆகணும், பிபி ஏறுனாலோ உள்ள தண்ணி குறைஞ்சாலோ காத்திருக்கக் கூடாது, அது வேற. காரணமே இல்லாதப்ப 39 முடிஞ்சு ஒரு நல்ல நாள் பாத்துக் குடுங்கன்னு ஜோசியர்கிட்டயே கேக்கலாமே, அந்த ஒரு வாரத்துலயும் நல்ல நேரம் இருக்கத்தானே செய்யும்.

மாசம் முடிஞ்சும் எடை கம்மியா பிறக்குறதுதான் நம்ம நாட்டோட பெரிய பாரம். முன்னாடி சொன்ன தேசிய குடும்ப நல ஆய்வுல, நாடு முழுக்க எடை குறிச்சு வெச்ச குழந்தைங்கள்ல சுமார் 18 சதவீதம் 2500 கிராமுக்கு கீழ. இந்த எண்ணையும் முழுசா நம்ப முடியாது, நம்ம ஊர் பதிவுகள்ல சரியா 2500னு இருக்குற குழந்தைங்க சந்தேகப்படுற அளவுக்கு ஜாஸ்தி, 2430ஐ ரெண்டரைன்னு எழுதுறதுல யாருக்கு என்ன நஷ்டம்னு நெனப்பு, நஷ்டம் குழந்தைக்குத்தான், தனிக் கவனிப்பு கிடைக்கவேண்டிய லிஸ்ட்ல இருந்து பேர் போயிடும். காரணங்கள் தெரிஞ்சதுதான், அம்மாவுக்கு ரத்தசோகை, கர்ப்பத்துல பிபி, சின்ன வயசுல கல்யாணம், ஒரு வருஷத்துக்குள்ள அடுத்த கர்ப்பம், புகையிலை, கடைசி மாசம் வரைக்கும் கடும் உடல் வேலை.

இந்தக் குழந்தைங்க விஷயம் முதல் மாசத்தோட முடியுறதும் இல்ல. இங்கிலாந்துல ஹெர்ட்ஃபோர்ட்ஷயர்ல 1911லயிருந்து ஒவ்வொரு குழந்தையோட பிறப்பு எடை, ஒரு வயசு எடை எல்லாம் லெட்ஜர்ல எழுதி வெச்சிருந்தாங்க, டேவிட் பார்க்கர் அதை தேடி எடுத்து, சின்னதா பிறந்தவங்களுக்கு பெரியவங்களானதும் மாரடைப்பு சாவு ஜாஸ்தின்னு 1989ல காட்டுனார். புனேல டாக்டர் சித்தரஞ்சன் யாஜ்னிக் குழு பக்கத்துக் கிராமங்கள்ல பிறந்த குழந்தைங்களை இங்கிலாந்து சவுத்தாம்டன் குழந்தைங்களோட வெச்சுப் பாத்தாங்க. அங்க சராசரி 3.5 கிலோ, இங்க 2.7. எலும்பு, தசை, வயித்து உறுப்புகள் எல்லாமே நம்ம குழந்தைக்கு கம்மி, கொழுப்பு மட்டும் அவ்ளோவா குறையல. வெளிய பாத்தா ஒல்லி, உள்ள கொழுப்பு. நம்ம ஆளுங்களுக்கு தொப்பை கூட பெருசா இல்லாம 35 வயசுல சுகர் வர்றதுக்கு ஒரு வேர் இங்க இருக்கு. அதனால எடை கம்மியா பிறந்த குழந்தையை ஒரு வருஷத்துல கொழுகொழுன்னு ஆக்கிடணும்னு நெய்யும் பவுடர் பாலும் டின் டின்னா ஏத்துறது எனக்கு சரியாப் படல. தாய்ப்பால், டாக்டர் குடுக்குற அயர்ன், வைட்டமின் டி சொட்டு மருந்து, கிராஃப்ல அந்தக் குழந்தையோட கோடு சீரா மேல போகுதான்னு பாக்குறது, அது போதும்.

பெரிய குழந்தை பக்கம் யாரும் கவலையே படுறதில்ல. அம்மாவுக்கு சுகர் இருந்தா அந்த சர்க்கரை நஞ்சுக்கொடியைத் தாண்டி குழந்தைக்குப் போகும், அம்மாவோட இன்சுலின் போகாது, அதனால குழந்தையோட கணையம் தானே இன்சுலினை கூட்டிக் கூட்டிச் சுரக்கும், அந்த இன்சுலின்தான் உடம்பை கொழுக்க வைக்கும். கொடியை வெட்டுன அடுத்த நிமிஷம் சர்க்கரை வரத்து நின்னுடும், இன்சுலின் மட்டும் ஓடிக்கிட்டே இருக்கும், ஒண்ணு ரெண்டு மணி நேரத்துல குழந்தைக்கு சுகர் 40, 45க்கு கீழ போயிடும், கவனிக்கலைன்னா வலிப்பு வரலாம். பிரசவத்துல தலை வந்துட்டு தோள் மாட்டிக்கிட்டா கைக்கு போற நரம்பு இழுபட்டு கை தூக்க முடியாமப் போறதும் இந்தக் குழந்தைங்களுக்குத்தான் ஜாஸ்தி. இன்னொரு ஏமாத்து வேலை, அந்த அதிக இன்சுலின் நுரையீரல் முதிர்றதை லேட் ஆக்கும், அதனால 36 வாரத்துல 3.6 கிலோல பிறந்த குழந்தை பாக்க பயில்வான் மாதிரி இருந்தும் மூச்சு வாங்கும். எடையை மட்டும் கேட்டுட்டு போறவங்க தோத்துப் போற இடம் இதுதான். கர்ப்பிணிங்க எல்லாருக்கும் சுகர் டெஸ்ட்டுன்னு முதல்ல கட்டாயமாக்குனது தமிழ்நாடு, சென்னை டாக்டர் வி. சேஷய்யாவோட முயற்சி அதுக்குப் பின்னாடி இருந்துச்சு, சாப்பிட்டிருந்தாலும் இல்லைன்னாலும் 75 கிராம் குளுக்கோஸ் குடிச்சு 2 மணி நேரம் கழிச்சு 140ஓ அதுக்கு மேலயோ இருந்தா சுகர்னு கணக்கு. குமட்டுதுன்னு பாதி டம்ளர் கொட்டிட்டு "நார்மல்"னு ரிப்போர்ட் வாங்கிட்டு வர்றவங்க கொஞ்சம் யோசிங்க.

தேதி கடந்தவங்க பத்தி சுருக்கமா. 41 தாண்டுனதும் நஞ்சுக்கொடி மெல்ல தளரும், குழந்தை உள்ளயே மலம் போயி அதை உறிஞ்சிக்கும், தோல் காய்ஞ்சு உரிஞ்சு நகம் நீளமா வரும், உள்ளயே இறந்து போற ஆபத்தும் கூடும். ஸ்வீடன்ல 41 வாரத்துல வலி வரவைக்கிறதா, 42 வரைக்கும் காத்திருக்கறதான்னு ஒரு ஆய்வு நடத்தி பாதியிலயே நிறுத்திட்டாங்க, காத்திருந்த பக்கம் 6 குழந்தைங்க போயிட்டாங்க, இந்தப் பக்கம் ஒண்ணு கூட இல்ல, 2019ல வெளிவந்துச்சு. "தானா வரட்டும்"னு 41க்கு மேல வீட்டுல உக்காந்திருக்கறது இயற்கையும் இல்ல ஒண்ணும் இல்ல.

கண் விஷயத்தை மட்டும் தனியா சொல்லணும், ஏன்னா இதுல கெட்டுப் போற பார்வையில பெரும்பாலும் தடுத்திருக்கக் கூடியது. குறைமாசக் குழந்தைக்கு விழித்திரை ரத்தக்குழாய்ங்க முழுசா வளர்ந்திருக்காது, வெளிய வந்ததும் தாறுமாறா வளர்ந்து விழித்திரையை இழுத்துக் கழட்டிடும். அளவில்லாம ஆக்சிஜன் வெச்சா இன்னும் மோசம், 1940கள், 50கள்ல பணக்கார நாடுகள்லயே ஆயிரக்கணக்கான குழந்தைங்க இதுல பார்வை போயிட்டாங்க, காரணம் நல்ல எண்ணத்துல தாராளமா விட்ட ஆக்சிஜன். இந்தியாவுல விதி என்னன்னா 34 வாரத்துக்கு முன்னாடியோ 2000 கிராமுக்கு கீழயோ பிறந்தா 4 வாரத்துக்குள்ள விழித்திரை டெஸ்ட், 28 வாரத்துக்கு முன்னாடியோ 1200 கிராமுக்கு கீழயோன்னா 2, 3 வாரத்துலயே. சென்னையில 1996ல ஒரு அரசு ஆஸ்பத்திரியில 29 வாரத்துல 1250 கிராம்ல பிறந்த குழந்தைக்கு இந்த டெஸ்ட் பத்தி பெத்தவங்ககிட்ட யாரும் சொல்லல, பார்வை போயிடுச்சு, 2015ல சுப்ரீம் கோர்ட் சுமார் 1.8 கோடி ரூபாய் நஷ்ட ஈடு குடுக்கச் சொல்லுச்சு. கேஸ் நடந்து முடியுறதுக்குள்ள அந்தக் குழந்தைக்கு 18 வயசு ஆயிடுச்சு. இதோட கொடுமை என்னன்னா வெளிய இருந்து பாத்தா கண்ணு நல்லாவே இருக்கும், குழந்தை முழிச்சு முழிச்சு பாக்குறதாத்தான் தெரியும், அம்மாவுக்கு சந்தேகம் வர்றதுக்குள்ள லேசர் வைக்கிற நேரம் தாண்டிடும். டிஸ்சார்ஜ் சீட்டுல கண் டெஸ்ட் தேதி இருக்கான்னு பாருங்க, இல்லைன்னா கேட்டு எழுதி வாங்குங்க.

சூடும் பாலும் பத்தி பேசாம இதை முடிக்க முடியாது. 1978ல கொலம்பியாவோட பொகோட்டாவுல இன்குபேட்டர் பத்தாம ஒண்ணுல ரெண்டு மூணு குழந்தைங்களை போட்டுட்டு இருந்த ஆஸ்பத்திரியில, எட்கர் ரே சனாப்ரியாங்கிற டாக்டர் அம்மா நெஞ்சுலயே தோலோட தோலா ஒட்டி வெச்சுக் கட்டிவிட்டார். வேற வழி இல்லாம ஆரம்பிச்ச வேலை. ரொம்ப வருஷம் இதை ஏழை நாட்டு வைத்தியம்னே நெனச்சாங்க, குழந்தை ஓரளவு நிலைச்ச அப்புறம்தான் குடுப்பாங்க. 2021ல டெல்லி சஃப்தர்ஜங் ஆஸ்பத்திரி உட்பட 5 நாட்டு ஆஸ்பத்திரிகள்ல நடந்த ஆய்வுல 1லயிருந்து 1.8 கிலோவுக்குள்ள இருந்த குழந்தைங்களை நிலைக்கிற வரை காத்திருக்காம பிறந்த உடனே அம்மா நெஞ்சுல வெச்சாங்க, 28 நாளுக்குள்ள இறப்பு 15.7 சதவீதத்துல இருந்து 12 சதவீதமா குறைஞ்சுது. அடுத்த வருஷமே உலக சுகாதார நிறுவனம் உடனே ஆரம்பிங்கன்னு சொல்லிடுச்சு. அம்மாவுக்கு முடியலைன்னா அப்பா, பாட்டி, யார் வேணா வெச்சுக்கலாம், நம்ம ஊர்ல அப்பாக்கள் இன்னும் சட்டையைக் கழட்ட கூச்சப்படுறாங்க.

பாலைப் பொறுத்தவரை, குறைமாசக் குழந்தையோட குடல் சுவர் ரொம்ப மெல்லிசு, பவுடர் பால் குடுக்கும்போது குடல் அழுகிப் போற நோய் வர்ற வாய்ப்பு தாய்ப்பாலை விட நல்லாவே கூட. அம்மாகிட்ட பால் வரலைன்னா தானம் வாங்குன தாய்ப்பால் குடுக்கலாம், மும்பை சயான் ஆஸ்பத்திரியில 1989லயே டாக்டர் அர்மிடா ஃபெர்னாண்டஸ் பால் வங்கி ஆரம்பிச்சாங்க, இப்ப நம்ம மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிகள்லயும் இருக்கு. உறிஞ்சத் தெரியாத குழந்தைக்கு முதல்ல டியூப், அப்புறம் பாலாடை, அப்புறம் நேரா மார்புல. பாலாடை நம்ம வீட்டுப் பொருள்தான், என்ஐசியூல இன்னிக்கும் அதுக்கு இடம் இருக்கு. ஆனா சேனை வைக்கிறேன்னு சர்க்கரைத் தண்ணி தொட்டு வைக்கிறது, உரை மருந்து, மூக்குல எண்ணெய் விட்டு ஊதி சளி எடுக்குறது, குளிப்பாட்டி முடிச்சு சாம்பிராணி புகை போடுறது, இதெல்லாம் மூணு கிலோ குழந்தைக்கே வேண்டாம்னு சொல்றாங்க, ரெண்டு கிலோ குழந்தைக்கு உயிர் விஷயம். குளியலையும் எடை நல்லா ஏறுற வரை தள்ளிப் போட்டு ஈரத்துணியால துடைச்சா போதும். பாட்டிகிட்ட சண்டை போட வேண்டாம், டாக்டர் சொன்னார்னு டாக்டர் மேல பழியைப் போட்டுடுங்க, அவங்க தாங்கிப்பாங்க.

பிறந்த முதல் சில நாள்ல எடை கொஞ்சம் இறங்கும், நிறைமாசத்துல 10 நாள்ல பழைய எடைக்கு வந்துடும், குறைமாசத்துல 2 வாரம் ஆகலாம். கை கால் ஜில்லுனு இருக்கறது, எழுப்பியும் பால் குடிக்காம தூங்கறது, மூச்சு வேகமா வாங்கி நெஞ்சு உள்ள குழியறது, மஞ்சள் உள்ளங்கை உள்ளங்கால் வரைக்கும் வர்றது, இதுல எது இருந்தாலும் நாளைக்கு பாக்கலாம்னு இல்லாம ராத்திரியே கிளம்பணும். அப்புறம் மத்த குழந்தைங்களோட ஒப்பிட்டு "எங்க வீட்டுப் பையன் 4 மாசத்துல குப்புற விழுந்தான், இது இன்னும் விழல"ன்னு ஆரம்பிப்பாங்க. 32 வாரத்துல பிறந்த குழந்தைன்னா 8 வாரம் கழிச்சுத்தான் வயசு பாக்கணும், நாலு மாசக் குழந்தைகிட்ட ரெண்டு மாச வேலையைத்தான் எதிர்பார்க்கணும், ரெண்டு வயசு வரைக்கும் இந்தக் கணக்குதான். இப்படிக் கழிச்சுப் பாத்தும் அந்த வயசுக்கு தலை நிக்கல, உக்காரலைன்னா ஆரம்பத்துலயே பயிற்சிக்கு கூட்டிட்டுப் போகணும், மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு சேவை மையங்கள் அரசு ஆஸ்பத்திரிகள்ல இருக்கு, காது கேக்குறதையும் அங்க பாத்துடலாம். தடுப்பூசிக்கு மட்டும் வாரத்தைக் கழிக்கிற வேலை இல்ல, அது பிறந்த தேதிப்படியே போட்டுட்டு வரணும்.